நாற்றமும் துவரும்: மலாக்காத் தமிழர் இல்லத்து மணப்பொருள்கள்

'நாற்றம்' என்னும் சொல் பண்டு நறுமணத்தையும் குறித்தது. மலர் நாறிற்று என்றால் மணந்தது என்பதே பொருள். பின்னர் அச்சொல் இழிபொருள் எய்தியது. சங்கப் பாடல் நடத்தும் ஆசிரியர் இதனை விளக்கிவிட்டு, மாணாக்கர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருக்க வேண்டியுள்ளது.

மேனி மணம் பேணுதல் நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரக் கடலாடு காதையில் பத்துத் துவரும், ஐந்து விரையும், முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறிய நீரால் மாதவி கூந்தலை நீராட்டுகிறாள். அப்பத்துத் துவருள் திரிபலையும் கருங்காலியும் நாவலும் அடங்கும் என்பது உரையால் விளங்கும். விரைக்கு முன்னே துவர் நிற்பதை நோக்குக. துவர்ப்புப் பொருள் தோலை இறுக்கித் தூய்மை செய்யும். அதன் பின்னரே மணம்.

கி.பி. 15ஆம் நூற்றாண்டில் மலாக்கா இம்மணப்பொருள்களின் பெருஞ்சந்தையாக விளங்கியது. திமோர்ச் சந்தனமும், நீரிணைக்கு அப்பாலுள்ள சுமத்திராவின் சாம்பிராணியும் அங்கே கைம்மாறின. அவ்வணிகத்தில் தமிழ் வணிகர் பெரும்பங்கு கொண்டிருந்தனர். 1511இல் போர்த்துகீசியர் நகரைக் கைப்பற்றினர். சில ஆண்டுகளுள் தோமே பிரஸ் எழுதிய நூல் இவ்வணிகத்தை விரிவாகக் கூறுகிறது. அக்கால வணிகரின் வழிவந்த மலாக்காச் செட்டிகள் இன்று மலாய் பேசுவோராயினும், சமயமும் வழிபாடும் விடாதவர்.

ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் கழிந்து வந்த தமிழர் நிலை வேறு. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கிலும், அடுத்துப் புக்கிட் அசகானிலும் கித்தா பயிரிட்டார். மலாக்காவில் கித்தாத் தோட்டங்கள் பெருகப் பெருக, லயங்களும் தமிழர் குடியிருப்புகளும் பெருகின. விடியுமுன் பால் வெட்டத் தொடங்குவோர்க்கு வியர்வையோடு ஒட்டுப்பாலின் வாடையும் சேர்ந்துவிடும். ஒட்டுப்பாலிலுள்ள புரதப் பொருள்கள் நுண்ணுயிர்களால் அழுகுவதே அவ்வாடைக்குக் காரணம். தோட்டத்தில் வளர்ந்தோர்க்கு அதனை விளக்க வேண்டியதில்லை. முன்னோர் மரக்கலத்தில் ஏற்றிய சந்தனம் இவர்களுக்குக் கோயிலிலும் மணவீட்டிலும் கிட்டிய ஒரு பொட்டளவே.

ஆயினும் அவர்கள் வாளாவிருக்கவில்லை. பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர் ஆகியவற்றை வெயிலில் உலர்த்தி இடித்துச் சலித்தால் நலங்கு மாவு. தலைக்குச் சீயக்காய் அல்லது அரப்பு. எண்ணெய் முழுக்குக்குப் பின் ஈரக் கூந்தலுக்குச் சாம்பிராணிப் புகை. ஆடவர்க்கு எளிய வழி படிகாரம். முகம் மழித்தபின் தடவும் அதே கட்டியை நீரில் நனைத்து அக்குளில் தேய்ப்பர். மலாய்க்காரரும் படிகாரத்தைத் 'தாவாஸ்' என்று பெயரிட்டு இதற்கே பயன்படுத்துவர். வெற்றிலையைக் கொதிக்கவைத்து அந்நீரில் உடல் கழுவுவதும் அவர்களிடம் வழங்கும் முறை. கம்பத்துக்கும் லயத்துக்கும் வேலி இருந்திருக்கலாம். கைம்மருந்துக்கு வேலி ஏது?

வியர்வைக்குத் தனியே நாற்றமில்லை. தோலில் வாழும் நுண்ணுயிர்கள் அதனைச் சிதைப்பதாலேயே வாடை பிறக்கிறது என்பது இற்றை அறிவியல். படிகாரம் அந்நுண்ணுயிர்களைத் தடுக்கும். 1888இல் அமெரிக்காவில் 'மம்' என்ற களிம்பு விற்பனைக்கு வந்தது; 1903இல் 'எவர்டிரை' வந்தது. பின்னதன் சரக்கு அலுமினியக் குளோரைடு. படிகாரமும் அலுமினிய உப்பே! விளம்பரத்தார் புதுமை என்று விற்பதன் ஒன்றுவிட்ட உறவு நம் அஞ்சறைப் பெட்டிக்கு அருகிலேயே கிடந்தது. 'இது இரசாயனம், அது இயற்கை' என்று வாதிடுவோர் சற்று நிதானிக்க வேண்டும். வியர்வை சுரப்பதையே தடுப்பதில் புட்டி மருந்து படிகாரத்தினும் வலியது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

வீட்டுப் பொருள் என்பதாலேயே யாவும் நல்லனவும் அல்ல. எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் நின்றால் தோல் வெந்து கறுக்கும். சிறுவர்க்கு இதனைச் சொல்லியே ஆக வேண்டும்.

கித்தா நின்ற நிலங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. லயங்கள் பல மறைந்தன. நலங்கு மாவில் எதனை எவ்வளவு சேர்ப்பது என்று கேட்டால், வீட்டில் மூத்த பெண்டிர் ஆளுக்கொரு கணக்குச் சொல்வர். அவற்றை யாரேனும் எழுதிவைப்பது நன்று. கடலாடு காதை நடத்தும் நாளில் ஒரு கடுக்காயையும் ஒரு படிகாரக் கட்டியையும் வகுப்பறைக்கு எடுத்துச் செல்லும் ஆசிரியர்க்கு, துவர் என்னும் சொல்லுக்கு நீண்ட உரை தேவைப்படாது.