நதி தன்னைப்பற்றிச் சொல்வது

ஆற்றுநீர் கெட்டதோ நல்லதோ என்பதை அறிய இரசாயனவியலாளர் அதனைப் போத்தலில் அள்ளிச் சோதிப்பர். அள்ளிய கணத்தில் நீர் எவ்வாறிருந்தது என்பதை அச்சோதனை சொல்லும். தொழிற்சாலையொன்று நேற்றிரவு கழிவைத் திறந்து விடியுமுன் மூடிவிட்டதாயின், போத்தலுக்கு அது தெரியாது. ஆற்றிலேயே குடியிருக்கும் உயிர்களுக்குத் தெரியும். அவ்வுயிர்களைச் சாட்சிக்கு அழைத்தவருள் முதன்மையானவர் அமெரிக்கப் பெண்மணி ரூத் பற்றிக்.

1907 இல் கன்சாஸ் மாநிலத்திற் பிறந்த அவருக்கு ஏழாவது வயதில் நுணுக்குக்காட்டி ஒன்றைக் கொடுத்தவர் தந்தையார். அவர் தொழிலால் சட்டத்தரணி. மனத்தால் தயற்றம் தேடுபவர். தயற்றமென்பது கண்ணுக்குப் புலப்படாத ஒருகல அல்கா. கண்ணாடிபோன்ற சிலிக்காச் சுவரைத் தன்னைச் சுற்றி எழுப்பிக்கொள்வது. மகள் 1934 இல் வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஆயினும் பிலடெல்பியா இயற்கை விஞ்ஞானக் கழகம் அவருக்கு ஊதியம் வழங்கத் தொடங்கியது 1945 இலேயே. அதுவரை செய்ததெல்லாம் கூலியில்லா உழைப்பு!

1948 இல் பென்சில்வேனியாவின் கொனெஸ்ரோகா ஆற்றுக்கு அவர் ஒரு குழுவை அழைத்துச் சென்றார். மீன், பூச்சி, அல்கா, பற்றீரியா, இரசாயனம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு வல்லுநர். ஜெர்மானிய அறிஞர் கொல்க்விற்சும் மார்சனும் அந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, குறித்த சில இனங்கள் காணப்படின் நீர் அழுக்குற்றது என வகுத்திருந்தனர். பற்றிக் கண்டதோ வேறு. நலமுள்ள ஆற்றில் இனங்கள் பல. ஒவ்வொன்றும் அளவோடு இருக்கும். கெட்ட ஆற்றில் இனங்கள் அருகி, தாக்குப்பிடித்த சில மட்டும் பெருகி மண்டும். ஆகவே தனியோர் உயிரை நம்பாது ஊர் முழுவதையும் எண்ணவேண்டும் என்றார். பின்னர் இதற்கென ஒரு கருவியையும் அமைத்தார். கண்ணாடித் தகடுகளைத் தாங்கிய மிதவை அது; ஏறத்தாழ இரு வாரம் ஆற்றிற் கிடக்கும்; தகடுகளில் ஒட்டிய தயற்றங்களை எடுத்து எண்ணுவர்.

தொழிலதிபர்களோடு சேர்ந்து பணியாற்றியது சிலருக்கு உறுத்தலாகத் தோன்றலாம். ஆனால் சவன்னா ஆற்றங்கரையில் டியூப்பொன்ற் நிறுவனம் அரசுக்காக அமைத்த அணு உலைகள் இயங்குமுன்னரே, 1951 இல், அவரது குழு அவ்வாற்றின் உயிர்களைக் கணக்கெடுத்துவிட்டது. முந்திய கணக்கு இல்லையேற் பிந்திய கேட்டை எவர் நிரூபிப்பார்? ஆலையின் வாயிலில் நின்று குரலெழுப்புவதிலும் இது பயனுடைய காரியம்.

1966 இல் சார்ள்ஸ் றைமருடன் அவர் எழுதிய அமெரிக்கத் தயற்றங்கள் பற்றிய நூலின் முதற்பாகம் வெளிவந்தது. இரண்டாம் பாகம் 1975 இல். 1996 இல் தேசிய விஞ்ஞானப் பதக்கம் கிடைத்தது. 2013 இல், 105 ஆவது வயதிற் காலமானார்.