ஒரு மைக் போதாத வெளி

அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் இசைக்குழு 1965 முதல் 1995 வரை மேடையேறியது. அதன் கச்சேரிகளை ரசிகர்களே ஒலிப்பதிவு செய்து, காசு வாங்காமல் ஒருவருக்கொருவர் நாடாக்களை மாற்றிக்கொண்டார்கள். இந்தப் பரிமாற்றத்தை நம்பி 1974இல் ஒரு பத்திரிகையே தொடங்கியது. 'டேப்பர்கள்' எனப்பட்ட இந்த ரசிகர்களுக்கு 1984 அக்டோபர் 27 அன்று பெர்க்லி கம்யூனிட்டி தியேட்டரில் குழுவே தனி இடம் ஒதுக்கிக் கொடுத்தது. இந்த வரலாற்றை இலவசப் பகிர்வின் கதையாகவே பலரும் எழுதிவருகிறார்கள். ஆனால் ஒலிப்பதிவுக் கலைக்கும் அதில் பெரிய பாடம் இருக்கிறது. திறந்தவெளிக் கச்சேரியை எந்த ஒரு வகை மைக்கும் தனியாக நின்று முழுதாகப் பிடித்துவிடாது, ஒன்றின் குறையை இன்னொன்றால் ஈடுகட்டியாக வேண்டும் என்பதே அந்தப் பாடம். ஸ்டுடியோ வசதி எதுவும் இல்லாதவர்கள் கூட்டத்தின் நடுவே நின்று இதைக் கற்றுக்கொண்டார்கள்.

காரணம் வெளியின் இயல்பிலேயே இருக்கிறது. மண்டபத்தில் சுவரும் கூரையும் ஒலியைத் திருப்பி அனுப்பும். மைதானத்தில் அந்த உதவி கிடையாது. தூரம் கூடக்கூட உச்ச ஒலிகளைக் காற்று விழுங்கும், வீசும் காற்று அவற்றை அலைக்கழிக்கும், பக்கத்தில் நிற்பவரின் பேச்சோ பாட்டைவிட உரக்க விழும். எல்லாத் திசையிலும் கேட்கும் ஆம்னி மைக் அடிநாதத்தை நிறைவாகத் தரும், காற்றின் இரைச்சலையும் மற்றவற்றைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் சுற்றியிருப்போர் பேச்சையும் சேர்த்தே அள்ளிக்கொள்ளும். கார்டியாய்டு மைக் பின்பக்க ஒலியைத் தள்ளிவிடும், அதோடு அடிநாதமும் கொஞ்சம் மெலியும். நீண்ட குழல் வடிவிலான ஷாட்கன் மைக் தூரத்துக் குரலைத் தெளிவாகப் பிடிக்கும், ஆனால் பக்கவாட்டிலிருந்து வரும் ஒலியின் நிறத்தை மாற்றிவிடும். 1984க்குப் பிறகு டேப்பர்களின் இடம் ஒலிக்கலவை மேசைக்குப் பின்னால் என்று ஆனதால் மேடைக்கும் மைக்குக்குமான தூரம் கூடியது, இந்தக் குறைகளும் கூடுதலாகத் தெரிந்தன. மைக்குகளைச் சேர்க்கும் வழிக்குக் கருவிகள் முன்பே இடம் கொடுத்திருந்தன. 1970களில் வந்த நாகமிச்சி 550 கேசட் ரெக்கார்டரில் இடது, வலது மைக்குகளோடு நடுவில் மூன்றாவது மைக் ஒன்றையும் இணைக்க முடிந்தது. குரலுக்கு நடு மைக், விரிவுக்கும் அடிநாதத்துக்கும் இரு பக்க மைக்குகள் என்று வேலையைப் பிரித்துக்கொள்ள அது போதுமானதாக இருந்தது.

இதை ஏற்காதவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். பிரிட்டனின் ஆலன் ப்ளூம்லைன் 1931இல் விண்ணப்பித்த ஸ்டீரியோ காப்புரிமையின் வழியில், ஒரே புள்ளியில் வைத்த ஒரே வகை மைக் ஜோடிதான் நேர்மையான பதிவைத் தரும் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இருக்கிறது. இரண்டு மைக்குகளுக்கு ஒலி வந்துசேரும் தூரத்தில் ஒரு மீட்டர் வேறுபாடு இருந்தால் ஏறத்தாழ 3 மில்லிசெகண்ட் தாமதம் உண்டாகும். இரண்டையும் சம அளவில் கலந்தால் 170 ஹெர்ட்ஸ் அருகே ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், பாடகரின் குரல் மெலிந்து கேட்கும். ஆனால் இது எப்படிக் கலப்பது என்பதற்கான எச்சரிக்கைதான், கலக்கவே கூடாது என்பதற்கான தடை அல்ல. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். ஆகவே ஆம்னி மைக்கிலிருந்து அடிநாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் ஒரு மீட்டர் வேறுபாடு பெரிதாகக் கெடுக்காது. குரலைத் தரும் மைக்குகளை மட்டும் ஒன்றோடொன்று நெருக்கி வைத்தால் போதும். ஒலிகள் ஒன்றையொன்று அழிக்கும் இதே தன்மையை அந்தக் குழு தன் மேடையிலேயே பயன்படுத்தியது. ஆஸ்லி ஸ்டான்லி வடிவமைத்து 1974இல் எழுப்பிய 'வால் ஆஃப் சவுண்ட்' ஒலிபெருக்கிச் சுவர் பாடகர்களுக்குப் பின்னால் நின்றது. அதன் ஒலி மைக்கில் புகுந்து ஊளையிடாதிருக்க, ஒவ்வொரு பாடகருக்கும் இரண்டு மைக்குகளை எதிரெதிர்க் கட்டத்தில் இணைத்தார்கள். பாடகர் ஒன்றில் மட்டும் பாடுவார். இரண்டிலும் சமமாக விழும் சுவரின் ஒலி அழிய, குரல் மிஞ்சும்.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் வலுவானது. மேடை மைக்குகளெல்லாம் கலவை மேசைக்கு வருகின்றன, அங்கிருந்தே பதிவை எடுத்துவிட்டால் கூட்டத்தில் மைக் எதற்கு என்பது அது. 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் பெட்டி கேண்டர்-ஜாக்சன் எடுத்த பதிவு மேடை மைக்குகளின் வழியே வந்ததுதான். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டிலும் அது இடம்பெற்றிருக்கிறது. ஆனால் அவர் ஒலிபெருக்கிக்குப் போன கலவையை அப்படியே நாடாவில் ஏற்றவில்லை, பதிவுக்கென்றே தனியாகக் கலந்தார். அந்த உழைப்பு இல்லாத மேசைப் பதிவில் குரல் முகத்தருகே நிற்கும், கூட்டமும் வெளியும் காணாமல் போகும். குழுவின் ஒலிப் பொறியாளர் டான் ஹீலி 1980களின் பிற்பகுதியில் மேசைக் கலவையோடு கூட்டத்தில் வைத்த மைக்குகளையும் சேர்த்துப் பதிவு செய்ததற்கு இதுவே காரணம். இங்கும் நேரக் கணக்கு உண்டு. மேடையிலிருந்து 30 மீட்டர் தள்ளி நிற்கும் மைக்குக்கு ஒலி ஏறத்தாழ 90 மில்லிசெகண்ட் பிந்தி வரும். மேசையிலிருந்து வருவதை அந்த அளவுக்குத் தாமதப்படுத்தாவிட்டால் ஒவ்வொரு தாள அடியும் இரண்டாகக் கேட்கும்.

குறைவான மைக்கே தூய்மை என்ற நம்பிக்கை நல்ல மண்டபத்தில் பலன் தரலாம், மைதானத்தில் தராது. இந்தக் குழுவின் ஆயிரக்கணக்கான பதிவுகள் இன்று இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் கேட்கக் கிடைக்கின்றன. ஒரே இரவின் மேசைப் பதிவு, கூட்டப் பதிவு, இரண்டையும் கலந்த பதிவு மூன்றும் இருக்கும் கச்சேரி ஒன்றைத் தேர்ந்தெடுத்து அடுத்தடுத்துக் கேளுங்கள். திறந்தவெளியில் பதிவு செய்யப் போகிறவர்கள் எந்த மைக் சிறந்தது என்று கேட்பதை விட்டுவிட்டு, தங்கள் மைக் எதைத் தவறவிடுகிறது என்று முதலில் கேட்டுப் பார்க்க வேண்டும். இரண்டாவது மைக்கை அதற்கேற்பத் தேர்ந்தெடுப்பதுதான் சரி.