உலரும் இலையும் உழைக்கும் கையும்

கைத்தொழில் வரலாற்றைப் பயிலும் மாணவர்கள் நீராவி இயந்திரத்தை அறிவர். நூற்கும் பொறியை அறிவர். அச்சுப் பொறியின் பெருமையையும் அறிவர். ஆனால் ஒரு தொழிற்சாலையின் நடுவே, முதலில் நிற்கும் பொறிக்கும் இறுதியில் நிற்கும் பொறிக்கும் இடையில், ஓசையெழுப்பிச் சுழன்றுகொண்டிருக்கும் துணைப் பொறிகளைப் பற்றி நமது பாடநூல்கள் பேசுவதில்லை. அரிந்த புகையிலையை உலர்த்தி, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் இழைகளைப் பிரித்து உதிர்த்துக் கொடுக்கும் உருளைப் பொறி அத்தகைய ஒன்றாகும். கொட்டாஞ்சேனையைக் கடந்து வடகொழும்பில் ஸ்ரீமத் இராமநாதன் மாவத்தை வழியே செல்வோர் இலங்கைப் புகையிலைக் கம்பனியின் வளவை நன்கு அறிவர். அங்கு செல்லும் இலைக்கு என்ன நேர்கிறது என்பதை அறிந்தோர் சிலரே. இச்சிறு பொறியின் கதையை நாம் ஆராயப் புகுவது வியப்புக்காக அன்று. இயந்திரம் வந்தபோது உழைப்பாளனுக்கும் கமக்காரனுக்கும் யாது நிகழ்ந்தது என்ற பெரிய வினாவுக்கு இச்சிறு பொறி தெளிவான விடையொன்றைத் தருகிறது.

முதலில் நமது மண்ணின் வழக்கத்தை நோக்குவோம். யாழ்ப்பாணத்தில் புகையிலைச் செய்கை ஒல்லாந்தர் காலத்திலேயே பெரும் வணிகமாயிருந்தது. மெல்லுவதற்குரிய யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குப் பெருமளவிற் சென்றது. அந்த அரசு அதனைத் தனியுரிமைப் பண்டமாக வைத்துப் பெரும் வருவாய் ஈட்டியது. மாதவராவ் திவானாயிருந்த 1860களிலேயே அத்தனியுரிமை நீங்கி இறக்குமதித் தீர்வை வந்தது. இப்புகையிலையைப் பாடமாக்குவது முற்றிலும் கைத்திறன் சார்ந்த தொழிலாகும். வெட்டிய இலையை வாடவிட்டு, தென்னம் பொச்சுமட்டையையும் பனை ஊமலையும் எரித்த புகையிலே பதப்படுத்தி, அடுக்கிப் புழுங்கவைத்து, மீண்டும் பிரித்து ஆற்றுவர். இலை போதிய அளவு உலர்ந்துவிட்டதா, இன்னும் ஈரம் உள்ளதா என்பதைச் சொல்வது கமக்காரனின் விரல். மிக உலர்ந்தால் இலை நொறுங்கும். ஈரம் மிஞ்சினாற் பூஞ்சணம் பிடிக்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பதத்தை அவன் தந்தையிடமும் தாயிடமும் கற்றான்.

சுருட்டுத் தொழிலிலும் இதே நிலைமைதான். சுருட்டுக்கு இலையை இழை இழையாக அரிவதில்லை. காம்பு நீக்கி, சற்றே ஈரமூட்டி, கையாற் சுற்றுவர். இலை ஒருபுறம் தடித்தும் மறுபுறம் மெலிந்தும் இருந்தால் சுற்றுபவரின் கை அதற்கேற்ப இறுக்கும், தளர்த்தும். யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களில் கைகள் சுற்றிக்கொண்டிருக்க, ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்க மற்றவர் கேட்டிருந்த வழக்கத்தை முதியோர் பலர் நினைவுகூர்வர். கியூபாவிலும் 1865ஆம் ஆண்டு முதல் சுருட்டுத் தொழிற்சாலைகளில் வாசிப்போரை அமர்த்தும் வழக்கம் தோன்றியது. தொழிலாளர் தம் கூலியிலிருந்து காசு சேர்த்து அவருக்குக் கொடுத்தனர். அமெரிக்காவின் தம்பா நகரில் 1931ஆம் ஆண்டு முதலாளிகள் வாசிப்போரை வெளியேற்றியபோது தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கை வேலையில் ஈடுபட்டிருக்கும்போது செவியும் சிந்தனையும் தொழிலாளருக்கே உரியனவாயிருந்தன என்பதை இங்கு மனங்கொள்ள வேண்டும்.

சிகரெட் வேறு வகையான பண்டம். அதற்கு இலையை நூல்போல அரிய வேண்டும். அரியும் பொறியில் இலைகள் கட்டியாக அழுத்தப்பட்டு, கூரிய கத்தியின் முன் தள்ளப்படுகின்றன. அழுத்தி அரிவதால் இழைகள் தனித்தனியாக விழுவதில்லை. சிறு சிறு அடைகளாகவே விழுகின்றன. பிட்டுக்குக் குழைத்த மா கட்டி பட்டுவிட்டால் நம் பெண்கள் அதனைக் கொத்தி உதிர்த்த பின்னரே நீத்துப்பெட்டியில் இடுவர். அல்லாவிடின் ஆவி உட்புகாது. அரிந்த புகையிலைக்கும் அவ்வாறான உதிர்ப்பு இன்றியமையாதது. அதனோடு ஈரத்தையும் போக்க வேண்டும். இங்கிலாந்தின் பழைய புகையிலைச் சாலைகளில் இவ்விரு வேலைகளையும் மனிதக் கைகளே செய்தன. சூடேற்றிய தட்டுக்களின்மீது அரிந்த புகையிலையைப் பரப்பி, தொழிலாளர் ஓயாது அளைந்தும் புரட்டியும் பிரித்தும் உலர்த்தினர். வெப்பமும் தூளும் நிறைந்த கடுமையான வேலை அது.

இந்நிலையை மாற்றியது உலர்த்தும் தொழிலில் எழுந்த தேவை மட்டுமன்று. அமெரிக்கரான ஜேம்ஸ் பொன்சாக் சிகரெட் சுற்றும் பொறிக்கு 1881ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். 1883இல் பிரிஸ்டல் நகரத்து வில்ஸ் கம்பனியும் 1884இல் அமெரிக்காவின் டியூக்கும் அதனைக் கைக்கொண்டனர். கையாற் சுற்றும் தொழிலாளி ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,500 சிகரெட்டுக்கள் செய்வார். பொன்சாக் பொறியோ நாளொன்றுக்கு 1,20,000 வரை செய்தது. கிட்டத்தட்ட நாற்பத்தெட்டுப் பேரின் வேலை! ஆயினும் அப்பொறிக்கு ஒரு குறையுண்டு. கைக்குள்ள உணர்வு அதற்கில்லை. ஈரமான அடை ஒன்று வந்தால் பொறி அடைத்துக்கொள்ளும். மிக உலர்ந்த தூள் வந்தாற் காகிதக் குழலின் நுனியிலிருந்து கொட்டிவிடும். எனவே இறுதியில் நிற்கும் பொறி வேகமாக ஓட வேண்டுமாயின், அதற்கு முன்னே இலை முழுவதும் ஒரே பதமாக்கப்பட வேண்டும். உலர்த்தும் பொறி இத்தேவையினால் வளர்ந்தது. ஒரு பொறி மற்றொரு பொறியை வேண்டி நின்றது. அவ்வேண்டுகோளின் முன்னே சூடான தட்டுக்களின் அருகில் நின்ற கைகள் வேண்டாதனவாயின.

பொறியின் அமைப்பு எளிது. சற்றுச் சாய்வாக வைக்கப்பட்ட நீண்ட இரும்பு உருளை மெல்லச் சுழல்கிறது. அதன் சுவர் நீராவியாற் சூடேற்றப்படுகிறது. உட்புறத்திலுள்ள தகடுகள் புகையிலையை அள்ளி மேலே தூக்கிக் கீழே விழவிடுகின்றன. விழும் இழைகளினூடே சூடான காற்று பாய்கிறது. இவ்வாறு நூற்றுக்கணக்கான முறை எழுந்தும் விழுந்தும் அடைகள் உடைகின்றன, ஈரம் நீங்குகிறது, இழைகள் சுருண்டு ஒன்றுக்கொன்று இடம் விட்டு நிற்கின்றன. பின்னர் அவற்றை ஆற்றி, மணப்பொருள் தெளித்து, சுற்றும் பொறிக்கு அனுப்புகின்றனர்.

ஒரு சிறு கணக்கு இதனை விளக்கும். களஞ்சியத்திலிருந்து வரும் இலையில் 12 வீதம் ஈரம் உண்டெனக் கொள்வோம். நூறு கிலோவில் 88 கிலோ உலர்பொருள், 12 கிலோ நீர். நொறுங்காமல் அரிவதற்காக ஆவியூட்டி ஈரத்தை 20 வீதமாக்கினால் நிறை 110 கிலோவாகும். அரிந்தபின் 13 வீதத்துக்கு இறக்கினால் நிறை 101 கிலோவாகும். ஆக, ஒவ்வொரு 110 கிலோவிலிருந்தும் ஏறத்தாழ ஒன்பது கிலோ நீரை உருளை வெளியேற்ற வேண்டும். அவ்வாறு வெளியேற்றும்போது ஒரு வீதம் கூடினாலும் குறைந்தாலும் நட்டம் நேரும். யாழ்ப்பாணத்துக் கமக்காரன் விரல் நுனியால் அறிந்த அந்தப் பதத்தை, தொழிற்சாலையில் வெப்பமானியும் நீராவி வால்வும் அளந்தன. பிற்காலத்தில் மின்கருவிகள் அளந்தன. அறிவு மறையவில்லை. உழைப்பாளனின் கையிலிருந்து உடைமையாளனின் பொறிக்குள் அது குடிபெயர்ந்தது.

பொறிகள் பெருக உடைமையும் சில கைகளில் ஒடுங்கியது. 1901இல் பிரித்தானியாவில் இம்பீரியல் புகையிலைக் கம்பனி தோன்றியது. அதற்கும் டியூக்கின் அமெரிக்கக் கம்பனிக்கும் இடையே நிகழ்ந்த போட்டி 1902இல் உடன்பாடாக முடிந்தது. உலகச் சந்தையைப் பங்கிட்ட அவ்வுடன்பாட்டின் குழந்தையே பிரித்தானிய அமெரிக்கப் புகையிலைக் கம்பனி. நான்கே ஆண்டுகளில், 1906இல், அது கொழும்பில் கால் வைத்தது. 1932இல் இலங்கைப் புகையிலைக் கம்பனி பதிவு செய்யப்பட்டது. இன்றும் அதன் பங்குகளில் 84 வீதமளவில் அத்தாய்க் கம்பனியிடமே உள்ளன. பெயர் இலங்கையினுடையது, இலாபத்தின் பெரும் பங்கு செல்லும் இடம் வேறு. நாட்டில் சட்டபூர்வமாகச் சிகரெட் உற்பத்தி செய்வதில் அதற்கு நிகரான போட்டியாளர் இல்லை. பொறியும், சந்தையும், கமக்காரனிடம் இலை வாங்கும் விலையும் ஒரே இடத்தில் தீர்மானிக்கப்படும் நிலை இவ்வாறு உருவாயிற்று.

இலையை உதிர்க்கும் வேலையில் மறைந்திருந்த மற்றோர் இலாபம் பின்னரே முழுமையாக வெளிப்பட்டது. சிகரெட் எண்ணிக்கையில் விற்கப்படுகிறது. இலை நிறையில் வாங்கப்படுகிறது. இவ்வேற்றுமையை ஊன்றி நோக்க வேண்டும். இழைகள் எவ்வளவு சுருண்டு விரிந்து நிற்கின்றனவோ அவ்வளவுக்குக் குறைந்த இலையே குழலை நிரப்பப் போதுமானது. பிரித்தானியாவில் 1970களின் பிற்பகுதி வரை தீர்வையும் இலையின் நிறைமீதே விதிக்கப்பட்டது. ஆகவே இலையைச் சிக்கனப்படுத்துவோருக்கு இரட்டை இலாபம் கிடைத்தது. 1970களில் புதிய முறைகள் வந்தன. அரிந்த புகையிலைக்குள் திரவக் கரியமில வாயுவைச் செலுத்திச் சூடான காற்றுக் கோபுரத்தில் விட்டால், வாயு வெடித்து வெளியேறும்போது இலையின் நுண்ணறைகள் பொரியைப்போல உப்பிவிடுகின்றன. அமெரிக்காவில் 1950களின் தொடக்கத்தில் ஆயிரம் சிகரெட்டுக்கு இரண்டரை இறாத்தலுக்கு மேல் இலை தேவைப்பட்டது; 1980களில் இரண்டு இறாத்தலும் தேவைப்படவில்லை. வடிகட்டி பொருத்தியதும், தூளையும் காம்பையும் அரைத்துத் தாளாக்கிச் சேர்த்ததும் இதற்குத் துணைசெய்தன. உதிர்ப்பதற்காகத் தோன்றிய பொறி, காற்றை விலைக்கு விற்கும் பொறியாக வளர்ச்சி பெற்றது எனின் மிகையாகாது.

இதன் பயன் யாரைச் சேர்ந்தது? கமக்காரனின் இலைக்குத் தேவை குறைந்ததே தவிர, அவன் பெற்ற விலை அதற்கு ஈடாக உயரவில்லை. தட்டுக்களின் முன்னே நின்ற தொழிலாளியின் வேலை போயிற்று. சுருட்டுச் சுற்றியோரின் கொட்டில்கள், சிகரெட்டின் மலிவுக்கும் விளம்பரத்துக்கும் ஈடுகொடுக்க மாட்டாது ஒவ்வொன்றாக வெறிச்சோடின. அவற்றோடு உரக்க வாசிக்கும் குரலும் ஓய்ந்தது. உருளைகள் இரையும் மண்டபத்தில் எவர் வாசிப்பது, எவர் கேட்பது?

இவ்விடத்திற் சிலர் பொறியையே பகையாகக் கொள்ளக்கூடும். 1811இல் இங்கிலாந்தின் நெசவுத் தொழிலாளர் பொறிகளை உடைத்தது இவ்வுணர்வினால்தான். ஆனால் 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ என்னும் நூலில் மார்க்ஸ், பொறி வேறு, அதனை முதலாளித்துவம் பயன்படுத்தும் முறை வேறு என்று விளக்கிக் காட்டினார். சூடான தட்டின் முன் நின்று தூளைச் சுவாசித்து உழைப்பது மனிதனுக்குத் தக்க வேலையன்று. அவ்வேலையிலிருந்து அவனை விடுவித்த உருளை நன்மையையே செய்திருக்க வேண்டும். விடுவிக்கப்பட்டவனுக்கு ஓய்வும் வேறு வாழ்வும் கிடைக்காமல் வேலையின்மை கிடைத்தது சமுதாய அமைப்பின் குற்றமேயன்றி உருளையின் குற்றமன்று.

வேறு வழி உண்டென்பதற்கு அண்டை நாட்டிலேயே சான்றுண்டு. இந்தியாவில் 1966இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் நிறைவேறியது. அதனை நடைமுறைப்படுத்தும் வேளை வந்தபோது, கண்ணூர்ப் பகுதியின் பெருமுதலாளிகள் சலுகைகள் கொடுக்க மனமின்றித் தொழிலை மூடினர். வேலை இழந்த தொழிலாளர் கேரள அரசின் துணையுடன் 1969இல் தினேஷ் பீடிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தனர். அங்கும் வேலை நேரத்தில் பத்திரிகை வாசிக்கப்பட்டது. பீடிக்குச் சந்தை சுருங்கிய காலத்தில் அச்சங்கம் உணவுப்பொருள், குடை போன்ற வேறு தொழில்களில் இறங்கியது. பண்டம் மாறினும் தொழிலாளரைக் கைவிடாதிருக்க முயன்றமையே இதிற் கவனிக்கத்தக்கது.

இவ்வாறு எழுதுவதால் நாம் புகையிலைக்கு வாழ்த்துப் பாடுகிறோம் என எவரும் எண்ணலாகாது. புகைத்தலுக்கும் நுரையீரற் புற்றுநோய்க்குமுள்ள தொடர்பை 1950இல் டொல், ஹில் என்னும் இரு பிரித்தானிய ஆய்வாளர் புள்ளிவிவரங்களோடு எடுத்துக்காட்டினர். இலங்கை 2003இல் உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை ஏற்றது. 2006இல் தேசியச் சட்டமும் இயற்றியது. இவற்றை நாம் முழுமனத்தோடு வரவேற்கிறோம். வகுப்பறையில் மாணவருக்குப் புகைத்தலின் தீங்கைப் போதிப்பது நம் கடமையே. ஆனால் அதே உடன்படிக்கையின் 17ஆம் உறுப்புரை, புகையிலைக் கமக்காரருக்கும் தொழிலாளருக்கும் மாற்று வாழ்வாதாரம் அமைய அரசுகள் துணைநிற்க வேண்டும் என்கிறது. எச்சரிக்கைப் படம் பெட்டியில் ஏறிவிட்டது. 2020க்குள் புகையிலைச் செய்கையே நிறுத்தப்படும் என்ற அறிவிப்பும் நம் நாட்டில் எழுந்தது. அந்த ஆண்டும் கடந்துவிட்டது. மாற்றுப் பயிருக்குரிய உறுதியான விலையையும் சந்தையையும் வேண்டிக் கமக்காரன் இன்னும் காத்திருக்கிறான்.

ஒரு காலத்தில் அவனது விரலின் பதத்தைப் பொறி எடுத்துக்கொண்டது. பின்னர் அவனது இலையின் தேவையையும் சிறுகச் சிறுகக் குறைத்தது. இப்போது மக்கள் நலத்தின் பேரால் அத்தொழிலே முடிவுறப் போகிறது. முடிவுறட்டும். ஆயின் நூற்றாண்டு காலம் இலாபத்தை அள்ளியவர்களிடமிருந்து கணக்குக் கேளாமல், அச்செலவு முழுவதையும் கமக்காரனின் தலையிலும் தொழிலாளியின் தலையிலும் சுமத்துவது நீதியாகாது. இந்தக் கணக்கை மாணவர்களுக்குப் படிப்பிப்பதும், கூட்டங்களிலும் சங்கங்களிலும் அதனைக் கேட்பதும் ஆசிரியர்களாகிய நம் பொறுப்பாகும்.