வெளியோசையைத் தடுக்கும் இயர்போன்கள்: காதுக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுத்தல்

கண்ணோட்டம்

பேருந்திலும் தொடர்வண்டியிலும் செல்லும்போது பலர் இயர்போன் அணிகின்றனர். சுற்றுப்புற இரைச்சல் மிகுந்தால், கேட்கும் ஒலியின் அளவை நம்மை அறியாமலேயே கூட்டிவிடுகிறோம். வெளியோசையைத் தடுக்கும் இயர்போன் இந்தத் தேவையைக் குறைக்கிறது. ஆனால், அது காதில் சரியாகப் பொருந்தினால் மட்டுமே இப்பயன் கிட்டும். பொருந்தாத இயர்போன், விலை உயர்ந்ததாயினும், இரைச்சலை உள்ளே விடும். காதில் வலியையும் உண்டாக்கும். ஆகவே, வாங்கும்போது முதலில் கவனிக்க வேண்டியது பொருத்தமே ஆகும்.

உரத்த ஒலி காதை எவ்வாறு பாதிக்கிறது?

உட்செவியில் உள்ள நுண்ணிய மயிர்ச்செல்கள், ஒலி அதிர்வுகளை நரம்புக் குறிப்புகளாக மாற்றி மூளைக்கு அனுப்புகின்றன. உரத்த ஒலியால் இச்செல்கள் அழிந்தால், அவை மீண்டும் வளர்வதில்லை. எனவே, இவ்வகைச் செவித்திறன் இழப்பு நிரந்தரமானது. வருமுன் காப்பதே வழி.

உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி, பெரியவர்கள் 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். குழந்தைகளுக்கு இந்த எல்லை 75 டெசிபல் ஆகும். ஒலி 3 டெசிபல் கூடும்தோறும், பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறைகிறது. பெரியவர்களுக்கான கணக்கு வருமாறு:

• 80 டெசிபல்: வாரத்திற்கு 40 மணி நேரம்
• 83 டெசிபல்: வாரத்திற்கு 20 மணி நேரம்
• 86 டெசிபல்: வாரத்திற்கு 10 மணி நேரம்
• 89 டெசிபல்: வாரத்திற்கு 5 மணி நேரம்

நாள்தோறும் பேருந்தில் ஒரு மணி நேரம் சென்று, மீண்டும் ஒரு மணி நேரம் திரும்பும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வண்டியின் இரைச்சலை மீறிக் கேட்பதற்காக அவர் 89 டெசிபல் அளவில் பாட்டுக் கேட்டால், வாரம் முழுவதற்கும் உரிய எல்லையை மூன்றாம் நாளிலேயே கடந்துவிடுகிறார். வெளியோசையைத் தடுத்து, ஒலியை 80 டெசிபலாகக் குறைத்துக்கொண்டால், அதே பயணம் பாதுகாப்பான எல்லைக்குள் அடங்கும். இயர்போனை மட்டும் மாற்றி, ஒலியளவைக் குறைக்காமல் இருந்தால் காதுக்கு நன்மை இல்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

எத்தனை வகைகள் உள்ளன?

செவிக்குழலை அடைப்பவை: சிலிக்கான் அல்லது ஃபோம் முனையால் செவிக்குழலின் வாயிலை மூடி, வெளியோசையைத் தடுப்பவை. பேச்சொலி, வாகன ஒலிப்பான் போன்ற கீச்சொலிகளை நன்கு குறைக்கும்.

மின்னணு முறையில் இரைச்சலைக் குறைப்பவை: இவற்றிலுள்ள நுண்ணிய மைக் வெளி இரைச்சலை உணர்ந்து, அதற்கு நேரெதிரான ஒலியலையை உருவாக்கி அதனைத் தணிக்கிறது. எஞ்சின் உறுமல், மின்விசிறி ஓசை போன்ற தொடர்ச்சியான தாழ்ந்த ஒலிகளுக்கே இது பெரிதும் உதவும். இதிலும் முனை சரியாகப் பொருந்தாவிட்டால் பயன் குறையும்.

காதை முழுவதும் மூடும் ஹெட்போன்கள்: செவிக்குழலுக்குள் எதையும் நுழைக்க விரும்பாதவர்களுக்கு ஏற்றவை. மூக்குக்கண்ணாடியின் தண்டு இவற்றின் மெத்தைக்கு இடையே சிறு இடைவெளியை ஏற்படுத்தலாம். கண்ணாடி அணிபவர்கள் அதனுடனேயே அணிந்து பார்த்து வாங்க வேண்டும்.

பொருத்தமானதை எவ்வாறு தேர்ந்தெடுப்பது?

பெரியவர்களின் செவிக்குழல் ஏறத்தாழ 2.5 செ.மீ. நீளமுடையது, சற்றே வளைந்தது. இதன் வெளிப்பகுதி மென்மையான குருத்தெலும்பால் ஆனது. உட்பகுதியில் எலும்பின் மீது மெல்லிய தோல் மட்டுமே உள்ளது. அங்கு அழுத்தம் பட்டால் வலி மிகும். எனவே, முனை வெளிப்பகுதியிலேயே நின்று மூட வேண்டும். ஆழமாக அழுத்தக் கூடாது.

• பல அளவு முனைகளுடன் வரும் இயர்போனைத் தேர்ந்தெடுங்கள். வலக் காதுக்கும் இடக் காதுக்கும் வெவ்வேறு அளவு தேவைப்படுவது இயல்பே.
• முனை தானாகக் கழன்று விழுந்தாலோ, தாழ்ந்த ஒலிகள் மெலிந்து கேட்டாலோ அது சிறியது. சில நிமிடங்களில் காது விண்ணென்று தெறித்தாலோ, வலித்தாலோ அது பெரியது.
• அணிந்தபடியே பேசிப் பாருங்கள். மெல்லுவது போல் தாடையை அசைத்துப் பாருங்கள். தாடை மூட்டு செவிக்குழலின் முன்சுவரை ஒட்டி இருப்பதால், தாடை அசையும்போது குழலின் வடிவம் மாறும். அப்போதும் முனை நழுவாமல் இருக்க வேண்டும்.
• சரியாகப் பொருந்தினால் உங்கள் குரல் உங்களுக்கே குடத்திற்குள் பேசுவது போல் கேட்கும். இது குறைபாடு அன்று.
• நீண்ட நேரம் அணிபவர்கள் எடை குறைந்ததைத் தேர்ந்தெடுக்கலாம். கம்பி உள்ள இயர்போனில், கம்பியைக் காதின் மேலாகச் சுற்றி அணிந்தால், அது ஆடையில் உரசும் ஓசை குறையும்.

ஃபோம் முனையை அணியும் முறை: விரல்களால் உருட்டிச் சுருக்குங்கள். மறு கையால் காது மடலை மேலும் பின்னும் மெல்ல இழுத்து, முனையைச் செருகுங்கள். அது விரிந்து நிற்கும் வரை சுமார் 30 நொடிகள் பிடித்திருங்கள். கழற்றும்போது வெடுக்கென இழுக்காமல், மெல்லத் திருகி, காற்று புகவிட்டு எடுங்கள்.

ஒலியளவை எவ்வாறு அமைப்பது?

அமைதியான அறையில் இருக்கும்போதே உங்களுக்குப் போதுமான ஒலியளவை முடிவு செய்யுங்கள். கைப்பேசியின் உச்ச அளவில் 60 விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம். இரைச்சலான இடத்திற்குச் சென்றபின் அளவைக் கூட்டத் தோன்றினால், முதலில் முனையின் பொருத்தத்தைச் சரிபாருங்கள். கேட்கும் ஒலியளவையும் நேரத்தையும் காட்டும் வசதி கைப்பேசியில் இருந்தால், அதனைப் பயன்படுத்துங்கள். இடையிடையே காதுக்கு ஓய்வு கொடுங்கள்.

யார் மருத்துவரைக் கேட்ட பின்னரே அணிய வேண்டும்?

• காதில் சீழ், நீர் வடிதல், வலி அல்லது அரிப்பு உள்ளவர்கள்
• செவிப்பறையில் துளை உள்ளவர்கள், அண்மையில் காது அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள்
• குறும்பி மிகுதியாகச் சேரும் தன்மை உடையவர்கள். செவிக்குழலை அடைக்கும் முனை, குறும்பியை உள்ளே தள்ளக்கூடும்
• காதிரைச்சல் உள்ளவர்கள். வெளியோசை முற்றிலும் அடங்கினால், காதிரைச்சல் மிகுந்து தோன்றலாம்
• இதயமுடுக்கி அல்லது அது போன்ற கருவி உடலில் பொருத்தப்பட்டவர்கள். இயர்போனிலும் அதன் பெட்டியிலும் காந்தம் உள்ளதால், அவற்றைக் கருவியிலிருந்து குறைந்தது 15 செ.மீ. தள்ளி வைக்க வேண்டும். சட்டைப் பையில் வைப்பதையும், கழுத்திலிருந்து மார்பின் மீது தொங்கவிடுவதையும் தவிருங்கள்.

பராமரிப்பாளர்கள் கவனத்திற்கு

நோயாளியின் அருகில் துணையிருக்கும்போது, குறிப்பாக இரவில், இரு காதுகளிலும் இவ்வகை இயர்போன் அணிய வேண்டாம். நோயாளி அழைப்பதும், இருமுவதும், மருத்துவக் கருவியின் எச்சரிக்கை ஒலியும் உங்களுக்குக் கேட்காமல் போகலாம்.

வீட்டில் உள்ள முதியவர் இயர்போனில் ஒலியைத் தொடர்ந்து கூட்டிக்கொண்டே போனால், அதனைப் பழக்கம் என்று விட்டுவிடாமல் செவித்திறன் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவருக்குத் தேவைப்படுவது காது கேட்கும் கருவியாக இருக்கலாம்.

எங்கு அணியக் கூடாது?

சாலையைக் கடக்கும்போதும், வாகனம் ஓட்டும்போதும், தண்டவாளத்தின் அருகிலும் அணியாதீர்கள். தொழிற்கூட இரைச்சலில் பணிபுரிபவர்கள், காதுப் பாதுகாப்புச் சாதனத்திற்கு மாற்றாக இயர்போனைக் கொள்ளக் கூடாது.

தூய்மை

சிலிக்கான் முனையைக் கழற்றி, மென்மையான சோப்பு நீரில் கழுவி, நன்கு உலர்ந்த பின் மாட்டுங்கள். ஃபோம் முனை விரியும் தன்மையை இழந்தாலோ அழுக்கேறினாலோ மாற்றிவிடுங்கள். குளித்த உடனே ஈரக் காதில் அணியாதீர்கள். ஒருவர் பயன்படுத்தியதை மற்றவர் பயன்படுத்த வேண்டாம்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

• இயர்போனைக் கழற்றிய பின்னும் காதில் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தால்
• பிறர் பேசுவது மந்தமாகக் கேட்டால், அல்லது சொன்னதைத் திரும்பச் சொல்லுமாறு அடிக்கடி கேட்க நேர்ந்தால்
• காதில் வலி, வீக்கம், நீர் அல்லது இரத்தக் கசிவு இருந்தால்
• முனை செவிக்குழலுக்குள் கழன்று சிக்கிக்கொண்டால். நீங்களே ஊக்கு அல்லது குச்சி கொண்டு எடுக்க முயலாதீர்கள்

ஒரு காதில் திடீரெனக் கேட்கும் திறன் குறைந்தால், அது அவசர நிலையாகும். குறும்பி அடைப்பு என்று எண்ணி நாள் கடத்தாமல், அன்றே காது, மூக்கு, தொண்டை மருத்துவரை அணுகுங்கள். விரைவாகச் சிகிச்சை தொடங்கினால், செவித்திறன் மீள்வதற்கான வாய்ப்பு கூடுதலாகும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் செவித்திறனைப் பரிசோதித்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனை பெறலாம்.

இப்பக்கத்தில் உள்ள தகவல்கள் பொதுவான விழிப்புணர்வுக்கானவை. மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றாகா.