கடலூரில் மறைந்த கணிதவியலாளர்

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தின் புனித டேவிட் கோட்டை என்றதும் நமக்குக் கிளைவின் பெயரே நினைவுக்கு வரும். 1751 ஜூலை 29 அன்று அதே கோட்டையில் காய்ச்சலால் மாண்ட பெஞ்சமின் ராபின்ஸை நம்மில் அநேகர் அறியோம். கிழக்கிந்தியக் கம்பெனி தன் அரண்களைச் சீரமைக்க அனுப்பிய பொறியாளர் அவர். போரை மறுக்கும் குவேக்கர் குடும்பத்தில் 1707இல் பிறந்த அவரே, துப்பாக்கிக் குண்டின் பறத்தலைக் கணிதமாக்கினார் என்பது வரலாற்றின் விநோதங்களுள் ஒன்று.

குழலின் உட்புறத்தில் திருகுப் பள்ளங்கள் வெட்டினால் குறி தப்பாது என்பதை ஐரோப்பிய வேட்டைக்காரர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர், காரணம்தான் தெரியவில்லை. ராபின்ஸ் ஒரு துப்பாக்கியின் வாயை இடப்புறமாக வளைத்துச் சுட்டார். இடப்புறம் கிளம்பிய குண்டு, போகப் போக வலப்புறம் திரும்பியது. குழலின் சுவரில் உருண்டு பெற்ற தாறுமாறான சுழற்சியே குண்டை வழிதவறச் செய்கிறது என்று அவர் கண்டார். பள்ளங்களோ அச்சுழற்சியைப் பறக்கும் திசையோடு ஒருமுகப்படுத்துகின்றன. 1747இல் ராயல் சொசைட்டியில் இதை விளக்கியபோது, இத்தகைய குழல்களை முதலில் செம்மையாகக் கைக்கொள்ளும் நாடு மற்ற நாடுகளை விஞ்சிவிடும் என்றும் எச்சரித்தார்.

அவ்வாக்கு நம் நாட்டிலேயே பலித்தது. 1857இல் கொழுப்புத் தோட்டாவை மறுத்தெழுந்த சிப்பாய்களின் கையில் பெரும்பாலும் பள்ளமற்ற பழைய துப்பாக்கிகளே இருந்தன. எதிரே நின்ற பிரிட்டிஷ் படையிடம் 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ரைஃபிள்கள் இருந்தன.

எனினும் பள்ளம் இருந்தால் மட்டும் போதாது. அதன் புரி குண்டுக்குப் பொருந்த வேண்டும். சுழற்சி தளர்ந்த பம்பரம் தலைசாய்வது போல, போதிய சுழற்சியற்ற நீள்குண்டைக் காற்று கவிழ்த்துவிடும். குண்டு நீள நீள, வேகமான சுழற்சி தேவை. என்ஃபீல்டின் 0.577 அங்குலக் குழலில் குண்டு ஒரு சுற்றுச் சுற்ற 78 அங்குலம் பிடித்தது. மான்செஸ்டர் பொறியாளர் ஜோசப் விட்வொர்த், பல சோதனைகளுக்குப் பின் 0.45 அங்குல அறுகோணக் குழலையும், அதில் 20 அங்குலத்துக்கு ஒரு சுற்றையும் தேர்ந்தார். ஏறத்தாழ அதே எடையுள்ள குண்டை ஒடுக்கி நீட்டினார். 1857 சோதனைகளில் அது என்ஃபீல்டை வெகுவாக விஞ்சியது. ஆயினும் விலை மிகுதி என்றும், கரி விரைவில் படிகிறது என்றும் ராணுவம் அதை ஏற்கவில்லை.

விட்வொர்த் சோதித்துக் கண்டதைச் சூத்திரமாக்கியவர் உல்விச் பீரங்கிக் கல்லூரிப் பேராசிரியர் ஆல்ஃபிரெட் கிரீன்ஹில். 1879இல் அவர் தந்த விதி எளியது: குண்டின் நீளம் அதன் விட்டத்தைப் போல் எத்தனை மடங்கோ, அவ்வெண்ணால் 150ஐ வகுத்தால், ஒரு சுற்றுக்குரிய தூரம் விட்டங்களின் கணக்கில் கிடைக்கும். மும்மடங்கு நீளமுள்ள ஈயக்குண்டுக்கு 50 விட்டங்கள், 0.45 அங்குலக் குழலில் அது 22.5 அங்குலம். விட்வொர்த்தின் 20 அங்குலம் அதற்கு எத்துணை அருகில் நிற்கிறது!

ராபின்ஸின் விளக்கத்துக்கும் கிரீன்ஹில்லின் விதிக்கும் இடையே 132 ஆண்டுகள். அக்கணக்கின் விளைவை நம் முன்னோர் களத்தில் அனுபவித்தனர். அதைத் தொடங்கிவைத்தவரோ நம் கடற்கரையில் மறைந்தார். அடுத்த முறை அக்கோட்டையின் சிதிலங்களைக் காண நேர்கையில், கிளைவோடு ராபின்ஸையும் நினைத்துக்கொள்வோம்.