தொலைபேசிக் கம்பியில் விளையாட்டு

விளையாட்டு என்றால் எதிரில் ஒருவர் இருத்தல் வேண்டும். பல்லாங்குழியாயினும் பந்தாட்டமாயினும் எதிராளியின் முகத்தைப் பார்த்து ஆடுவதிலேதான் சுவை பிறக்கிறது. தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடும் விளையாட்டுப் பெட்டிகள் 1970-களில் மேலைநாட்டு வீடுகளுக்குள் நுழைந்தபோதும் இவ்வியல்பு மாறவில்லை. ஒரே அறையில், ஒரே திரையின் முன், இருவர் அருகருகே அமர்ந்து ஆடினர். அவ்விருவரும் வெவ்வேறு ஊர்களில் இருந்துகொண்டே ஆட இயலுமா என்னும் வினா அடுத்து எழுந்தது. அதற்கு விடையாக வந்தவையே, விளையாட்டுப் பெட்டியைத் தொலைபேசியோடு இணைத்த மோடம் என்னும் துணைக்கருவிகள். ஏறத்தாழ 1983 முதல் 2001 வரை வாழ்ந்து மறைந்த அக்கருவிகளின் வரலாற்றையே இங்குக் கூற விரும்புகிறேன்.

இது பெரும்பாலும் தோல்விகளின் வரலாறு. ஆயினும் மாணவர்கள் இதனை அறிந்துகொள்ளுதல் நன்று என்று கருதுகிறேன். ஒரு கருவி எத்தனை நாள் வாழும் என்பதை, அது யாரைச் சார்ந்து இயங்குகிறது என்பதே பெரிதும் முடிவு செய்கிறது. இவ்வுண்மையை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வரலாறு வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மோடம் என்பது யாது? தொலைபேசிக் கம்பி மனிதக் குரலைச் சுமப்பதற்காக அமைக்கப்பட்டது. வினாடிக்கு 300 முதல் 3400 வரை அதிர்வுகள் உள்ள ஒலிகளையே அது நன்கு கொண்டு செல்லும். கணினியின் மொழியோ ஒன்று, சுழி என்னும் இரண்டே குறிகளால் ஆனது. அக்குறிகளை ஒலியாக மாற்றிக் கம்பியில் அனுப்புவதும், வந்த ஒலியை மீண்டும் குறிகளாக மாற்றுவதும் மோடத்தின் தொழில். குறி ஒன்றினைப் பிட் என்பர். வினாடிக்கு எத்தனை பிட் அனுப்ப முடியும் என்பதே மோடத்தின் வேகம்.

இத்தகைய கருவியைத் தொலைபேசியில் இணைப்பதற்கே ஒரு காலத்தில் உரிமை இல்லாதிருந்தது. அமெரிக்க நாட்டில் பெல் தொலைபேசி நிறுவனம், தான் அளிக்காத எக்கருவியையும் தன் இணைப்பில் பொருத்தலாகாது என்று தடுத்து வந்தது. டெக்ஸாஸ் மாநிலத்துத் தாமஸ் கார்ட்டர் என்பவர், வானொலிப் பேச்சைத் தொலைபேசியோடு இணைக்கும் கருவி ஒன்றைச் செய்து விற்றார். அவர் தொடுத்த வழக்கில், தீங்கு செய்யாத பிறர் கருவிகளையும் இணைக்கலாம் என்று அந்நாட்டின் தகவல்தொடர்பு ஆணையம் 1968-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு திறந்த வழியில்தான் வீட்டு மோடங்கள் நாளடைவில் உள்ளே வந்தன.

விளையாட்டுப் பெட்டிக்கென வந்த மோடங்களுள் முன்னோடி, 1983-இல் வெளிவந்த கேம்லைன். வில்லியம் வான் மைஸ்டர் என்பவர் நிறுவிய கன்ட்ரோல் வீடியோ கார்ப்பரேஷன் அதனை வெளியிட்டது. அட்டாரி 2600 என்னும் பெட்டியில் விளையாட்டுகளை மாற்றி மாற்றிச் செருகும் இடம் ஒன்று உண்டு. அவ்வாறு செருகும் கார்ட்ரிட்ஜை நம் நாட்டுச் சிறுவர் கேசட் என்றே அழைத்தனர். கேம்லைன் மோடமும் அதே இடத்தில் செருகப்பட்டது. அதன் வேகம் வினாடிக்கு 1200 பிட். நாலாயிரம் எழுத்தளவுள்ள சிறு விளையாட்டு ஒன்று கம்பி வழியே வந்து சேர ஏறத்தாழ அரை நிமிடம் ஆகும். சிறு கட்டணம் செலுத்திச் சில தடவை ஆடலாம். அதன்பின் அது மறைந்துவிடும். இருவர் நேருக்கு நேர் ஆடும் வசதி அதில் இல்லை.

முயற்சி நன்றே, காலம் நன்றாயில்லை. புகழ்பெற்ற விளையாட்டுகளை வைத்திருந்த அட்டாரியும் ஆக்டிவிஷனும் அவற்றை அந்நிறுவனத்துக்குத் தரவில்லை. அதே ஆண்டில் அமெரிக்காவின் வீடியோ விளையாட்டு வாணிகம் முழுவதுமே சரிந்தது. கேம்லைனும் அச்சரிவில் மறைந்தது. ஆனால் அங்கே பணியாற்றிய சிலர் கலைந்து போகவில்லை. ஜிம் கிம்சி, ஸ்டீவ் கேஸ், மார்க் செரிஃப் ஆகியோர் 1985-இல் குவாண்டம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் என்னும் புதிய நிறுவனத்தைத் தொடங்கினர். 1991-இல் அது அமெரிக்கா ஆன்லைன் என்று பெயர் மாறி, கோடிக்கணக்கானோரை இணைய உலகுக்கு அழைத்துச் சென்றது. வீழ்ந்த மரத்தின் வேரிலிருந்து புதிய மரம் தழைத்தது போன்றது இது.

இனி ஜப்பான் நாட்டைக் காண்போம். நிண்டெண்டோ நிறுவனம் தன் ஃபேமிகாம் பெட்டிக்கு 1988-இல் ஒரு மோடத்தை வெளியிட்டது. சிறுவர்களுக்கென்று செய்த பெட்டியில் வந்த இம்மோடத்தைப் பெரியவர்களே மிகுதியாகப் பயன்படுத்தினர். பங்குகளின் விலையை அறியவும், அவற்றை வாங்கி விற்கவும், பின்னர்க் குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டவும் அது உதவியது. காரணம் எளிது. பங்கு வாங்குபவர் அரை நிமிடம் பொறுத்திருப்பார். பந்தடிப்பவர் அரை வினாடியும் பொறுக்கமாட்டார்.

சேகா நிறுவனம் 1990-இல் தன் மெகா டிரைவ் பெட்டிக்கு மெகாநெட் என்னும் சேவையைத் தொடங்கியது. பெட்டியின் பின்புறத்தில் இருந்த இணைப்புத் துளையில் அதன் மோடம் பொருந்தியது. தொலைபேசி வழியே இருவர் ஆடும் பேஸ்பால், மாஜாங் முதலியவையும் அதில் இருந்தன. ஆனால் ஜப்பானில் உள்ளூர் அழைப்புக்கும் 3 நிமிடத்துக்கு 10 யென் வீதம் கட்டணம் ஏறிக்கொண்டே இருந்தது. நீண்ட நேரம் ஆடுபவன் பெற்றோரின் சினத்துக்கு ஆளாவான் அல்லவா? சேவை தழைக்கவில்லை. பின்னர் வந்த மெகா டிரைவ் பெட்டிகளில் அந்த இணைப்புத் துளையையே நீக்கிவிட்டனர். மோடம் பழுதாகவில்லை, அதைப் பொருத்தும் இடந்தான் மறைந்துவிட்டது.

உண்மையான எதிராட்டத்துக்கு வழி கண்டது எக்ஸ்பேண்ட். கலிஃபோர்னியாவின் கேட்டபுல்ட் என்டர்டெயின்மெண்ட் நிறுவனம் 1994-இல் இதனை வெளியிட்டது. அவர்கள் தீர்த்த சிக்கலை ஒரு சிறு கணக்கால் விளக்குகிறேன். திரையில் தோன்றும் படம் ஒன்றில் 320 வரிசைகளும் 224 அடுக்குகளுமாக, எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. புள்ளி ஒன்றுக்கு ஒரே ஒரு பிட் என்று வைத்தாலும், வினாடிக்கு 2400 பிட் வேகமுள்ள அம்மோடம் ஒரு படத்தை அனுப்ப அரை நிமிடம் ஆகும். விளையாட்டுக்கோ வினாடிக்கு 60 படம் தேவை. படத்தை அனுப்பி ஆடுதல் கனவிலும் நடவாது.

ஆகவே அவர்கள் படத்தை அனுப்பவில்லை. ஆடுபவர் அழுத்திய பொத்தான்களின் செய்தியை மட்டும் அனுப்பினர். அஞ்சல் வழியே சதுரங்கம் ஆடுவோரை எண்ணிப் பாருங்கள். அவர்கள் பலகையைப் பொதி கட்டி அனுப்புவதில்லை. எந்தக் காயை எங்கு நகர்த்தினேன் என்று ஒரு வரி எழுதுகிறார்கள். இருவர் வீட்டிலும் உள்ள பலகைகள் ஒன்றுபோலவே மாறிவருகின்றன. அவ்வாறே இரு வீட்டுப் பெட்டிகளும் ஒரே விளையாட்டை ஒரே நிலையிலிருந்து தொடங்கும். இருவரின் பொத்தான் செய்திகளும் இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே கணத்திற்குரியனவாகச் சேர்ந்தால், இரு திரையிலும் ஒரே காட்சி நடைபெறும். எட்டுப் பொத்தான்களின் நிலையைச் சொல்ல எட்டுப் பிட் போதும். படம் ஒன்றின் நேரத்தில் 40 பிட் செல்லக்கூடிய கம்பிக்கு அது சுமையன்று. ஆனால் ஒரே ஒரு செய்தி தவறினாலும், ஒருவர் திரையில் வென்றவர் மற்றவர் திரையில் தோற்றிருப்பார். ஆதலால் ஒவ்வொரு கணமும் ஒத்துச் செல்கிறதா என்று காத்துவருதல் இன்றியமையாதது.

வியப்புக்குரிய செய்தி இன்னொன்று. மார்ட்டல் கோம்பாட், என்.பி.ஏ. ஜாம் போன்ற அவ்விளையாட்டுகள் தொலைபேசிக்காக எழுதப்பட்டவையல்ல. எக்ஸ்பேண்ட் கருவி, பெட்டிக்கும் விளையாட்டுக் கார்ட்ரிட்ஜுக்கும் இடையே அமர்ந்துகொண்டு, ஓடிக்கொண்டிருக்கும் கட்டளைகளைத் தேவையான இடங்களில் மாற்றியது. பொத்தானைக் கவனிக்கும் இடத்தில், கம்பி வழி வரும் செய்தியையும் கவனிக்கச் செய்தது.

எதிராளியைக் கண்டுபிடிப்பது எவ்வாறு? கருவி முதலில் நிறுவனத்தின் சர்வர் என்னும் நடுக்கணினியை அழைத்துத் தன் விருப்பத்தைப் பதிவு செய்யும். தக்க எதிராளி கிடைத்ததும் ஒருவர் கருவி மற்றவர் கருவியை நேரே அழைக்கும். அமெரிக்காவின் பல பகுதிகளில் மாதக் கட்டணம் செலுத்தியவர்க்கு உள்ளூர் அழைப்புகளுக்குத் தனிக்கட்டணம் இல்லை. இது பெருந்துணை ஆயிற்று. வீட்டில் வேறொருவர் தொலைபேசியை எடுத்தால் ஆட்டம் குலைவது மட்டும் மாறாத தொல்லையாக இருந்தது. இத்தனை திறமையும் 1997-இல் சேவை நிறுத்தப்பட்ட நாளோடு முடிந்தது. நடுக்கணினி இல்லாமல் எதிராளி யார், எங்கிருக்கிறார் என்று அறிய வழியில்லை. நல்ல நிலையில் இருந்த கருவிகளும் ஊமையாயின.

இதற்கு நேர்மாறானது சேகா சாட்டர்ன் பெட்டியின் நெட்லிங்க். 1996-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. வேகம் வினாடிக்கு 28,800 பிட். விலை 199 டாலர். அப்போது விளையாட்டுப் பெட்டியின் விலையும் அதுவே. துணைக்கருவிக்குப் பெட்டியின் விலையை யார் கொடுப்பார்? வாங்கியோர் சிலரே. அதில் எதிராட்டம் ஆடத்தக்க விளையாட்டுகளும் ஐந்தே. வாணிகக் கணக்கில் அது தோல்விதான்.

ஆனால் அதில் ஒரு தனிச்சிறப்பு இருந்தது. நெட்லிங்கில் ஆடுவதற்கு எந்த நடுக்கணினியும் வேண்டியதில்லை. நண்பரின் தொலைபேசி எண்ணைத் தெரிந்துகொண்டு நேரே அழைத்தால் ஆட்டம் தொடங்கும். சேகா சாட்டர்னைக் கைவிட்ட பின்னும் அது இயங்கிற்று. தொலைபேசி முறைகள் மாறிய பின்னும் ஆர்வலர்கள் இணைய வழியில் அதனை இயக்க வழி கண்டனர். தன் காலத்தில் மிகக் குறைவாக விற்ற கருவி, தன்னைவிடப் புகழ்பெற்ற எக்ஸ்பேண்டைக் கடந்து வாழ்ந்தது. அது யாருடைய அனுமதியையும் எதிர்பார்த்திருக்கவில்லை என்பதே அதற்குக் காரணம்.

இறுதியாக வந்தது டிரீம்காஸ்ட். ஜப்பானில் 1998 நவம்பரிலும், அமெரிக்காவில் 1999 செப்டம்பரிலும் சேகா இதனை வெளியிட்டது. மோடம் தனியே விற்கப்படும்வரை அதனை வாங்குவோர் சிலராகவே இருப்பர்; வாங்குவோர் சிலராயிருக்கும்வரை விளையாட்டு எழுதுவோரும் முன்வரார். இச்சுழலிலிருந்து விடுபட, சேகாவின் தலைவர் இசாவோ ஒகாவா, செலவு கூடும் என்ற எதிர்ப்பையும் மீறி, பெட்டியோடு மோடத்தையும் சேர்த்தே தரச் செய்தார். 2000 டிசம்பரில் வெளிவந்த ஃபேன்டசி ஸ்டார் ஆன்லைன் அம்முடிவின் கனி. நான்கு பேர் ஒரு குழுவாக அதில் ஆடலாம். ஆயத்தமாக வைத்த சொற்களைத் தேர்ந்தெடுத்தால், ஜப்பானியர் தேர்ந்தது ஆங்கிலேயருக்கு ஆங்கிலத்திலும், பிரெஞ்சுக்காரருக்குப் பிரெஞ்சிலும் தோன்றும். மொழியறியாத இருவர் கூடி ஆடியதை நான் இவ்வரலாற்றின் மிகச் சிறந்த பகுதியாகக் கருதுகிறேன்.

அக்கனி பழுத்த வேளையிலேயே மரம் சாய்ந்தது. டிரீம்காஸ்ட் உற்பத்தி நிறுத்தப்படும் என்று 2001 ஜனவரியில் சேகா அறிவித்தது. தம் சொந்தச் செல்வத்திலிருந்து பெருந்தொகையை அந்நிறுவனத்துக்கு அளித்துவிட்டு, ஒகாவா அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் மறைந்தார். பின்னர் ஆர்வலர்கள் தாமே நடுக்கணினிகளை அமைத்து, அவ்விளையாட்டை மீண்டும் ஆடத்தக்கதாக்கினர். நிறுவனம் மூடிய கதவைப் பயனாளர்கள் தம் உழைப்பால் திறந்தனர் என்க.

இவ்வரலாற்றிலிருந்து மாணவர்கள் கொள்ளத்தக்க பாடம் யாது? ஒரு பொருளை வாங்குமுன் அதன் விலையையும் அழகையும் வேகத்தையும் பார்க்கிறோம். இன்னும் ஒரு வினாவையும் கேட்டல் வேண்டும்: இதனைச் செய்தவர் நாளை கடையை மூடினால், இது என் கையில் பயன்படுமா? விளையாட்டுக்கு மட்டும் உரிய வினா அன்று இது. நாம் படிக்கும் நூல்களும், கேட்கும் இசையும், எழுதிச் சேர்க்கும் குறிப்புகளும் எங்கோ உள்ள கணினிகளைச் சார்ந்துவிட்ட இக்காலத்தில், அனைத்துக்கும் அது பொருந்தும். பொறியியல் கற்று நாளை இத்தகைய கருவிகளைச் செய்யப்போகும் மாணவர்கள், தம் நிறுவனம் மறைந்த பின்னும் அவை இயங்குவதற்கு ஒரு சிறு வழியையேனும் உள்ளே அமைத்துவைப்பார்களாக.