ஒளிச்சிதறலும் மின்வடமும்: ஓர் அறிவியல் வரலாற்று நோக்கு

தூய விஞ்ஞானத்தில் ஓர் உண்மை கண்டுபிடிக்கப்படுகின்றது. பின்னர் அது தொழினுட்பத்திற் பயன்படுத்தப்படுகின்றது. விஞ்ஞான வரலாறு பெரும்பாலும் இவ்வாறு ஒரு நேர்கோடாகவே கூறப்பட்டு வருகின்றது. இக்கூற்று எத்துணை பொருந்தும் என்பதை ஒரு குறிப்பிட்ட எடுத்துக்காட்டின் வாயிலாக ஆராய்வது பயனுடையதாகும். நிலத்தடி மின்வடங்களின் வெப்பநிலையைக் கண்ணாடி நார்களின் துணைகொண்டு அளக்கும் முறையே இங்கு எடுத்துக்கொள்ளப்படும் பொருளாகும். ஒளியியல், சக்தித் தொகுதியியல், தரவு விஞ்ஞானம் ஆகிய மூன்று துறைகளும் இதன்கண் வந்து கூடுகின்றன.

1921 ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்று கப்பல் வழியாகத் திரும்பிய சி. வி. இராமன், மத்தியதரைக் கடலின் நீலநிறத்தைக் கண்டு அதன் காரணத்தை ஆராயத் தலைப்பட்டார். வானத்தின் நிறம் கடலிற் பிரதிபலிப்பதே காரணம் என இரேலி பிரபு கருதியிருந்தார். நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்பதை இராமன் நிறுவினார். இதனைத் தொடர்ந்து கல்கத்தாவில் கே. எஸ். கிருஷ்ணனுடன் இணைந்து அவர் மேற்கொண்ட ஆய்வுகள், 1928 பெப்ரவரி 28 ஆம் நாள் புதியதொரு விளைவைக் கண்டறிவதில் முடிந்தன. சிதறிய ஒளியின் ஒரு சிறு பகுதி தன் மீடிறனில் மாற்றமடைந்து வெளிவருகின்றது என்பதே அது. அதே ஆண்டில் மொஸ்கோவில் லான்ட்ஸ்பேர்க், மண்டெல்ஸ்டாம் ஆகியோரும் படிகங்களில் இதே விளைவைக் கண்டனர். இராமனுக்கு 1930 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இவ்விளைவில் ஒரு கூறு நமது பொருளுக்கு இன்றியமையாதது. மீடிறன் குறைந்து வரும் ஒளி ஒருபுறமும், மீடிறன் கூடி வரும் ஒளி மறுபுறமும் தோன்றுகின்றன. பின்னையது, ஏற்கெனவே அதிர்வு நிலையிலுள்ள மூலக்கூறுகளிலிருந்தே எழுவது. வெப்பநிலை உயருந்தோறும் அத்தகைய மூலக்கூறுகளின் தொகை பெருகுமாதலின், இவ்விரு ஒளிகளின் விகிதம் பொருளின் வெப்பநிலையைத் தெரிவிக்கும். ஆயின், இவ்வுண்மை தெரிந்திருந்தும் அரை நூற்றாண்டுக்கு மேலாக எந்த மின்வடத்தின் வெப்பநிலையும் இவ்வழியில் அளக்கப்படவில்லை. ஒளியை நெடுந்தூரம் கொண்டுசெல்லும் ஊடகம் அன்று இல்லாமையே அதற்கு முதற் காரணம்.

அவ்வூடகம் முற்றிலும் வேறொரு தேவையிலிருந்து பிறந்தது. 1966 இல் இங்கிலாந்தில் சார்ள்ஸ் காவோ, ஹொக்காம் ஆகியோர், தூய கண்ணாடி நாரினூடாகத் தொலைத்தொடர்பு நடத்தலாம் எனக் காட்டினர். இழப்பு ஒரு கிலோமீற்றருக்கு 20 தெசிபெல்லுக்குக் குறைந்தால் அது நடைமுறைக்கு ஏற்றது என்பது அவர்தம் கணிப்பு. 1970 இல் அமெரிக்காவின் கோர்னிங் நிறுவன ஆய்வாளர் அவ்வெல்லையைக் கடந்தனர். 1976 இல் பார்னொஸ்கி, ஜென்சன் ஆகிய இருவரும், நாருக்குள் ஓர் ஒளித்துடிப்பைச் செலுத்தி, திரும்பிவரும் சிதறலைக் காலவரிசைப்படி நோக்கி, நாரின் இயல்பை இடந்தோறும் அறியும் முறையை வெளியிட்டனர். கண்ணாடியில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றர் செல்வதால், 10 நனோசெக்கன் கால வேறுபாடு நாரில் 1 மீற்றர் தூரத்தைக் குறிக்கும். 1983 இல் ஹார்ட்டொக் திரவ உள்ளகமுடைய நாரில் வெப்பநிலையை அளந்தார். 1985 இல் டேக்கின் முதலியோர், சாதாரண கண்ணாடி நாரிலேயே இராமன் சிதறலைக் கொண்டு அதனைச் செய்து காட்டினர்.

இனி, இதன் தேவை யாது என்பதை நோக்குவோம். நிலத்தடி மின்வடம் தாங்கக்கூடிய மின்னோட்டத்தை அதன் வெப்பநிலையே வரையறுக்கின்றது. குறுக்குப்பிணைப்புற்ற பொலிஎதிலீன் காவலியுடைய வடத்தின் கடத்தி இடையறாது 90 பாகை செல்சியசுக்கு மேற்படலாகாது. இவ்வெல்லைக்குரிய மின்னோட்டத்தைக் கணிக்கும் முறையை நெஹர், மக்ராத் ஆகியோர் 1957 இல் வகுத்தனர். ஆயின் அக்கணிப்பு, சூழவுள்ள மண் வெப்பத்தை எவ்வளவு கடத்தும் என்ற எடுகோளிலே தங்கியுள்ளது. வடத்தின் வெப்பம் மண்ணை உலர்த்தும். உலர்ந்த மண் வெப்பத்தைத் தடுக்கும். தடுக்கப்பட்ட வெப்பம் வடத்தை மேலும் சூடாக்கும். எடுகோள் பிழைக்குமாயின் விளைவு கொடியது.

இதற்கு 1998 இல் நியூசிலாந்தின் ஓக்லாந்து நகரம் சான்றாயிற்று. வெப்பமும் வறட்சியும் மிகுந்த அக்கோடையில், நகரின் வர்த்தக மையத்துக்கு மின் வழங்கிய நான்கு பெருவடங்கள் சனவரிக்கும் பெப்ரவரி 20 ஆம் நாளுக்கும் இடையில் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்தன. ஒன்று வீழ அதன் சுமையை எஞ்சியவை ஏற்க நேர்ந்தது. ஏறத்தாழ ஐந்து வாரங்கள் நகர மையத்தின் இயல்பு வாழ்வு குலைந்தது. அளக்கப்படாத எடுகோளை நம்பியிருப்பதன் இடர் எத்தகையது என்பதை இந்நிகழ்ச்சி மின்பொறியியலாளர்க்கு உணர்த்திற்று. வடத்துடன் கண்ணாடி நாரையும் சேர்த்துப் பதிப்பது இன்று பல நாடுகளிலும் வழக்கிலுள்ளது.

எனினும், நாரைப் பதித்ததோடு சிக்கல் தீர்ந்துவிடவில்லை. திரும்பிவரும் இராமன் ஒளி மிகமிக நலிந்தது, இரைச்சலில் மறைந்துவிடுவது. ஆகவே பல்லாயிரம் துடிப்புகளைச் செலுத்திச் சராசரி காண வேண்டியதாயிற்று. 10,000 துடிப்புகளின் சராசரி இரைச்சலை நூறில் ஒரு பங்காக்கும். இங்ஙனம் இது தொடக்கத்திலிருந்தே புள்ளியியலின் துணையின்றி இயங்கமுடியாத கருவியாகும். மேலும், 10 கிலோமீற்றர் நாரில் மீற்றருக்கு ஓர் அளவீடு வீதம் நிமிடத்துக்கு ஒருமுறை எடுப்பின், ஒரு நாளில் 1,44,00,000 எண்கள் திரளும். இவற்றை மனிதர் வாசித்தல் இயலாது. நார் கடத்தியைத் தொடாது அதன் புறத்தே கிடப்பதால், கடத்தியின் வெப்பநிலையையும் கணித்தே அறிதல் வேண்டும். காற்றாலைகளின் ஏறியிறங்கும் மின்சுமையைத் தாங்கும் வடங்களுக்கு வருநேர வெப்பநிலையையும் முன்னறிய வேண்டியுள்ளது. அண்மைக்கால ஆய்வுகள் கணணிக் கற்றல் முறைகளை இப்பணிகளில் ஈடுபடுத்துகின்றன.

ஈண்டு ஓர் எச்சரிக்கை பொருந்தும். இரைச்சலை நீக்கும் முறை அளவுகடந்து மென்மையாக்குமாயின், ஓரிரு மீற்றரளவில் தோன்றும் உண்மையான வெப்பப் புள்ளியையும் நீக்கிவிடலாம். வடங்கள் பழுதடைவது அருமையாகையால், பழுதின் அடையாளத்தைக் கணணிக்குக் கற்பிக்கும் தரவுகளும் அருமையானவையே. பழைய எடுகோளின் இடத்திற் புதிய எடுகோள் ஒன்று, கண்ணுக்குப் புலப்படாத வடிவில், அமர்ந்துவிடக்கூடும். நெஹர், மக்ராத் வகுத்த பௌதிக விதிகளைத் தரவு முறைகளுடன் இணைத்தாளும் போக்கு ஆய்வாளரிடையே காணப்படுவது இதனாலேயே எனலாம்.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, இவ்வரலாறு நேர்கோடன்று என்பது தெளிவாகும். கடலின் நிறத்தை ஆராய்ந்தவர் மின்வடத்தை நினைக்கவில்லை. தொலைபேசிக்காக நார் செய்தவர் வெப்பநிலையை நினைக்கவில்லை. அவை ஒன்றுசேர்ந்தமைக்குத் தேவையும், பிழையிலிருந்து பெற்ற படிப்பினையும் காரணமாயின. ஓர் அளவீடு எந்த எடுகோளின்மேல் நிற்கின்றது என்ற வினாவை ஒவ்வொரு தலைமுறையும் மீண்டும் எழுப்பவேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் பாடமாகும்.